இணையத்தளத்தின் சாவி யார் கையில்?

2022 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் பிற்பகுதி. எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்ற காலம். ஒரு நாள் காலை, அநுராதபுரத்திலிருந்து எவ்வளவோ சிரமப்பட்டு ஒரு கொன்ட்ராக்டர் பழைய சோனகத் தெருவிலுள்ள எமது ஹாட்வெயார் கடைக்கு வந்து சேர்ந்தார். பல வருடங்களாக எம்மோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் சிங்கள அன்பர். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து வாப்பாவிடம் நீட்டினார். எமது இணையத்தளத்தின் ஒரு பக்கத்தை அச்சிட்டு எடுத்து வந்திருந்தார். ஒரு குதிரை வலுத் தண்ணீர் மோட்டார், விலை 24,500 ரூபா. "முதலாளி, இதில் ஐந்து தேவை" என்றார்.

அது முன்னர் நாம் போட்ட விலை. 2022 மார்ச் 7 ஆம் திகதி மத்திய வங்கி டொலரின் விலையைத் தளர விட்ட பின்னர் நடந்தவற்றை வர்த்தகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 200 ரூபாவளவில் இருந்த டொலர் ஏப்ரலில் 300 ஐத் தாண்டியது, மே மாதத்தில் 360 ஐயும் கடந்தது. அன்று காலை அதே மோட்டாரை நாம் இறக்குமதியாளரிடம் எடுக்கும் விலையே 31,000 ரூபா.

நான் குறுக்கிட்டு, அது பழைய விலை என்று விளக்கத் தொடங்கினேன். வாப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "எங்கட கடைப் பேர் போட்ட தாள்தானே மகன்? எழுதின விலைக்கே குடுத்து அனுப்பு" என்றார். ஐந்து மோட்டாரும் போயின. நட்டம் 32,500 ரூபா. அவர் போன பின் வாப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்த விலைய இன்டைக்கே மாத்தலாம்தானே?"

மாற்ற முடியவில்லை. அந்த இணையத்தளம் எம்முடையது, அதற்குப் பணம் கொடுத்தவர்கள் நாங்கள், ஆனால் அதில் ஓர் இலக்கத்தை மாற்றக்கூட எமக்கு வழி இருக்கவில்லை.

2014 இல் எமக்குத் தெரிந்த ஓர் இளைஞரைக் கொண்டு அந்தத் தளத்தைச் செய்வித்தோம். அழகாகவே செய்து தந்தார். ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகக் கணினி மொழியில் எழுதியிருந்தார். ஒரு விலையை மாற்றுவதானால் அவர்தான் அந்தக் கோப்பைத் திறந்து, திருத்தி, மீண்டும் ஏற்ற வேண்டும். முதல் இரண்டு வருடங்கள் தொலைபேசியில் சொன்னால் செய்து தந்தார். பிறகு அவர் தொழிலுக்காகக் கட்டார் போய்விட்டார். டொமைன் பெயர் அவருடைய சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது, ஹொஸ்டிங் கணக்கும் அப்படியே. ஒருவாறு அவரைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, "நானா, அந்த ஈமெயிலின் பாஸ்வேர்ட் எனக்கே ஞாபகம் இல்ல" என்றார். அவரைக் குறை சொல்ல நான் தயாரில்லை. தளத்தைச் செய்ததற்குக் காசு கொடுத்தோமே தவிர, அதைப் பராமரிப்பதற்கென்று ஒரு சதமேனும் நாம் கொடுத்ததில்லை. கடையைக் கட்டிய பாஸிடமே கடைச் சாவியையும் விட்டுவைத்து எட்டு வருடம் இருந்தது எம்முடைய பிழை.

அந்தத் தளத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை ஆரம்பித்தோம். இம்முறை, "உள்ளடக்க முகாமைத்துவ முறைமை" என்று சொல்லப்படும் மென்பொருளொன்றின் மீது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், விடயம் மிக இலகுவானது.

எமது பில் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். கடையின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், கோடுகள், கட்டங்கள் எல்லாம் அச்சகத்தில் ஒரு முறை அடித்து வருகின்றன. கடையில் நிற்கும் பையன் பொருளையும் அளவையும் விலையையும் மட்டும் பேனாவால் எழுதுகிறான். ஒவ்வொரு பில்லையும் புதிதாக அச்சகத்தில் அடித்து வாங்கும் முதலாளி எவரும் இல்லை. எமது பழைய இணையத்தளம் அப்படித்தான் இருந்தது, ஒவ்வொரு பக்கமும் ஒரு தனி அச்சு. இந்த முறைமையோ தளத்தின் தோற்றத்தை ஒரு பக்கம் வைக்கிறது, அதில் வரும் சொல், படம், விலை ஆகியவற்றைத் தரவுத்தளம் ஒன்றில் வேறாகச் சேமிக்கிறது. வாடிக்கையாளர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறது. ஆகவே தோற்றத்தைத் தொழில் தெரிந்தவர் ஒரு முறை அமைத்துத் தந்தால் போதும். விலையை மாற்ற அவர் தேவையில்லை. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைந்தால், மின்னஞ்சல் எழுதுவது போன்ற ஒரு திரை வரும். இலக்கத்தை மாற்றி ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த நிமிடம் யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கும் புதிய விலை தெரியும். கையடக்கத் தொலைபேசியிலிருந்தும் இதைச் செய்யலாம்.

இவ்வகை மென்பொருட்கள் பல இருக்கின்றன. ட்ரூபல் 2001 இலும், வேர்ட்பிரஸ் 2003 இலும், ஜூம்லா 2005 இலும் வெளிவந்தன. மூன்றும் திறந்த மூல மென்பொருட்கள், மூன்றும் இலவசம். சிறு வியாபாரிக்கு நான் வேர்ட்பிரஸைத்தான் சொல்வேன். அது மற்றவற்றை விடச் சிறந்ததா என்று தொழில்நுட்பவியலாளர்கள் விவாதித்துக் கொள்ளட்டும். என்னுடைய காரணம் வேறு. உலகின் இணையத்தளங்களில் பத்தில் நான்குக்கும் மேற்பட்டவை அதில் இயங்குகின்றன. எனவே உங்களுக்குச் செய்து தந்தவர் வெளிநாடு போனாலும் அதே வேலை தெரிந்த இன்னொருவரை உங்கள் ஊரிலேயே கண்டுபிடிக்கலாம். டொயோட்டா வாகனத்துக்கு எந்தச் சந்தியிலும் மெக்கானிக் கிடைப்பதைப் போன்றது இது.

"இலவசம்" என்ற சொல்லில் ஏமாந்துவிடக் கூடாது. மென்பொருள்தான் இலவசம். டொமைன் பெயருக்கும், தளத்தை வைத்திருக்கும் ஹொஸ்டிங் இடத்துக்கும் வருடா வருடம் கட்டணம் செலுத்த வேண்டும். அதைச் செலுத்தத் தவறினால் தளம் மறைந்துவிடும். இன்னொரு குழப்பமும் உண்டு. வேர்ட்பிரஸ் டொட் ஓஆர்ஜி என்பது மென்பொருளை இலவசமாகத் தரும் இடம். அதை எடுத்து நீங்கள் விரும்பிய ஹொஸ்டிங்கில் நிறுவலாம். வேர்ட்பிரஸ் டொட் கொம் என்பது அதே மென்பொருளைத் தனது இடத்தில் வைத்துச் சேவையாக வழங்கும் ஒரு நிறுவனம். ஷொபிஃபை, விக்ஸ் போன்றவையும் மாதாந்த அல்லது வருடாந்தக் கட்டணத்துக்குக் கிடைக்கும் தளங்களே. அவை வாடகைக் கடை போன்றவை. கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார், ஆனால் வாடகையைக் கூட்டினால் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போவது கஷ்டம். சொந்தக் கடையில் ஒழுக்கை நாமே அடைக்க வேண்டும். டொலரில் மாதா மாதம் வாடகை கட்டுவது என்ன பாடுபடுத்தும் என்பதை 2022 இல் கண்ட பிறகு, நான் சொந்தக் கடைப் பக்கமே சாய்ந்தேன்.

பேஸ்புக் போதாதா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. பேஸ்புக் பக்கமும் வட்ஸ்அப்பும் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்கிறார்கள். பேஸ்புக்கை நானும் பாவிக்கிறேன். புதிய சரக்கு வந்திருக்கிறது என்று சொல்ல அதைவிடச் சிறந்த இடம் இல்லை. ஆனால் அது பிறருடைய பெரிய சந்தையில் நாம் விரித்த பாய். 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்செயல்களின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கியதை நாம் மறந்துவிட முடியாது. அந்நாட்களில் பேஸ்புக்கையே கடையாக வைத்திருந்த அபாயா வியாபாரிகளும் கேக் செய்யும் சகோதரிகளும் தம் வாடிக்கையாளர்களை எட்ட முடியாமல் தவித்தார்கள். சொந்தத் தளங்கள் அந்தத் தடையில் அகப்படவில்லை. அது மட்டுமல்ல. மூன்று மாதங்களுக்கு முன் பேஸ்புக்கில் போட்ட விலையைத் தேடி எடுக்க எமக்கே அரை மணித்தியாலம் செல்லும், வாடிக்கையாளர் எப்படித் தேடுவார்? கூகுளில் "தண்ணீர் மோட்டார் விலை" என்று தேடும் ஒருவருக்கு உங்கள் சொந்தத் தளத்தின் பக்கம் அகப்பட நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இவ்விடத்தில் தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்மில் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த விலைப்பட்டியல்களை வைத்திருக்கிறோம். அதை அப்படியே தளத்தில் ஒட்டினால் வாடிக்கையாளருக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும், கூகுளுக்கும் அது தமிழ் என்று புரியாது. ஒருங்குறியில், அதாவது யூனிக்கோடில்தான் எழுத வேண்டும். பாமினியை யூனிக்கோடாக மாற்றித் தரும் வசதிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. விலைப்பட்டியலைப் படமாக எடுத்துப் போடுவதும் இதே பிழைதான். எமது வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் சிங்களவர்கள் என்பதால் நாம் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் முதலில் செய்து, தமிழைப் பின்னர் சேர்த்தோம்.

அறுநூறு விலைகளை மாற்றுவது எப்படி?

ஒரு விலையை மாற்றுவது இலகு. எமது கடையிலோ அறுநூறுக்கு மேற்பட்ட பொருட்கள். இறக்குமதியாளர் புதிய விலைப்பட்டியல் அனுப்பினால் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற யாருக்கு நேரம் இருக்கிறது? இதற்கு நாம் பாவிப்பது வூகொமர்ஸ். வேர்ட்பிரஸோடு சேர்த்துப் பொருத்தும் இந்தத் துணை மென்பொருள் 2011 இல் வந்தது. பொருத்தினால் சாதாரணத் தளம் கடையாக மாறிவிடும். இதன் அடிப்படைப் பகுதியும் இலவசம்.

முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறியீடு கொடுப்பது. அரை அங்குல எல்போவுக்கு ஒன்று, முக்கால் அங்குல எல்போவுக்கு வேறொன்று. கடையின் ஸ்டொக் புத்தகத்தில் உள்ள அதே குறியீட்டைத் தளத்திலும் கொடுங்கள். ஒரு தடவை கொடுத்தால் அதை மாற்றவே கூடாது. எமக்கு இந்த வேலைக்கு மட்டும் மூன்று வாரங்கள் சென்றன. அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் தளத்தைத் தொடங்கியவர்கள் ஆறு மாதத்தில் கைவிட்டதை நான் கண்டிருக்கிறேன்.

குறியீடு இருந்தால் மீதி எக்செல் வேலை. பொருட்களின் பட்டியல் முழுவதையும் சிஎஸ்வி என்ற கோப்பாகத் தளத்திலிருந்து வெளியே எடுக்கலாம். எக்செலில் திறந்து விலைகளைத் திருத்தி, அதே சிஎஸ்வி வடிவில் சேமித்து மீண்டும் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது, ஏற்கெனவே உள்ள பொருட்களைப் புதுப்பிக்கவும் என்ற கட்டத்தில் அடையாளம் இட மறக்கக் கூடாது. குறியீட்டைப் பார்த்து அது தானாகவே உரிய பொருளின் விலையை மாற்றிவிடும். இப்போது எமக்கு அறுநூறு விலைகளை மாற்ற ஒரு மணித்தியாலம் போதும். நான் ஒரு முறை செய்த தவறையும் சொல்கிறேன். அவசரத்தில் எக்செலில் விலை நிரலை மட்டும் வரிசைப்படுத்திவிட்டேன். குறியீடுகள் நின்ற இடத்தில் நிற்க, விலைகள் இடம் மாறின. பெயின்ட் வாளி பல்ப் விலைக்குப் போனது. நல்ல வேளையாகத் திருத்துவதற்கு முன் எடுத்த பழைய கோப்பு இருந்தது, அதை மீண்டும் ஏற்றிச் சரிசெய்தேன். ஆகவே திருத்தும் முன் ஒரு பிரதியை வேறாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெருநாள் காலக் கழிவுக்கும் இதில் வசதி இருக்கிறது. சாதாரண விலைக்குப் பக்கத்தில் கழிவு விலையையும், அது தொடங்கும் திகதியையும் முடியும் திகதியையும் கொடுத்து வைத்தால், உரிய நாளில் தானே வந்து தானே போய்விடும். நோன்பு காலத்தில் பின்னேரம் கடையில் நெரிசல் கூடும்போது கணினிக்கு முன் உட்கார வேண்டிய தேவை இல்லை. புடைவைக் கடைக்காரர்களுக்கு இது பெரிய உதவி.

கார்டில் பணம் பெறும் வசதி தேவையா என்று பலர் கேட்கிறார்கள். உள்நாட்டிலேயே அச்சேவையை வழங்கும் வங்கிகளும் நிறுவனங்களும் இருக்கின்றன, ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு வீதத்தை எடுப்பார்கள். எமது இலாபம் அதற்கு இடம் தராததால் நாம் அதைச் செய்யவில்லை. விலையைக் காட்டுகிறோம், கையிருப்பு உண்டா இல்லையா என்று காட்டுகிறோம், பக்கத்தில் வட்ஸ்அப் பொத்தான் ஒன்றை வைத்திருக்கிறோம். ஆளும் பேச்சும் இல்லாமல் மோட்டார் வாங்குபவர் எமது தொழிலில் குறைவு. பரிசுப் பொருட்கள், புத்தகங்கள் விற்பவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கும்.

கடையில் நிற்கும் அக்குறணைத் தம்பி ஒருவர்தான் இந்த வேலைகளை இப்போது பார்க்கிறார். அவருக்கு நான் முழு அதிகாரம் கொடுக்கவில்லை. நம்பிக்கை இல்லாமல் அல்ல, கல்லாச் சாவியும் லாச்சிச் சாவியும் வேறு வேறாக இருப்பது போலத்தான் இதுவும். இந்த முறைமையில் நிர்வாகி என்பவர் எல்லாவற்றையும் செய்யலாம், தளத்தையே அழிக்கவும் செய்யலாம். கடை முகாமையாளர் என்ற தரத்தில் உள்ளவர் பொருட்களையும் விலைகளையும் ஓடர்களையும் பார்ப்பார், புதிய மென்பொருள் எதையும் பொருத்த முடியாது. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கொடுங்கள். அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அவருடைய கணக்கை மட்டும் மூடிவிடலாம்.

தம்பி முதலில் போட்ட படங்களால் தளம் ஆமை வேகத்தில் ஓடியது. தொலைபேசியில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நான்கு, ஐந்து மெகாபைட். அவற்றைச் சுருக்கி 200 கிலோபைட்டுக்குக் கீழே கொண்டுவந்த பிறகுதான் கிராமத்திலிருந்து பார்ப்பவர்களுக்கும் திறக்கத் தொடங்கியது.

இனி ஆபத்தான பக்கம். பலரும் பாவிக்கும் மென்பொருள் என்பதால் கள்வர்களும் அதையே குறிவைக்கிறார்கள். எனது நண்பர் ஒருவரின் ஆடைக் கடைத் தளத்துக்கு, பணம் கொடுத்து வாங்க வேண்டிய ஓர் அலங்கார வார்ப்புருவின் திருட்டுப் பிரதியை யாரோ இலவசமாகப் பொருத்திக் கொடுத்திருந்தார். அதற்குள் ஏதோ ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. சில மாதங்களில் அவருடைய கடைப் பெயரைக் கூகுளில் தேடினால் ஆண்மை மாத்திரை விளம்பரங்கள் வரத் தொடங்கின. குடும்பத்தோடு அபாயா வாங்க வருபவர்களின் முன்னால் அவர் பட்ட வெட்கத்துக்கு அளவில்லை. தளத்தை முழுமையாக அழித்து மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. திருட்டுப் பிரதிகள் வேண்டவே வேண்டாம், இலவசமாகவே நல்ல வார்ப்புருக்கள் நிறைய இருக்கின்றன. வேர்ட்பிரஸும் துணை மென்பொருட்களும் புதிய பதிப்பு வந்திருப்பதாகச் சொன்னால் தள்ளிப் போடாதீர்கள், பெரும்பாலும் அது ஓர் ஓட்டையை அடைப்பதற்காக வந்ததாகவே இருக்கும். பாவிக்காத துணை மென்பொருட்களை நீக்கிவிடுங்கள். கடவுச்சொல்லோடு, தொலைபேசிக்கு வரும் இரண்டாவது இலக்கத்தையும் கேட்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

தளத்தின் முழுப் பிரதியை வாரம் ஒரு முறையேனும் எடுக்க வேண்டும். அதை அதே ஹொஸ்டிங் இடத்தில் மட்டும் வைத்தால் பயனில்லை. கடை எரிந்தால் கடைக்குள் வைத்த காப்புறுதிப் பத்திரமும் எரிந்துவிடும். ஒரு பிரதி உங்கள் கணினியிலோ கூகுள் டிரைவிலோ இருக்கட்டும்.

புதிய தளத்துக்கு ஆள் பிடிக்கப் போகிறவர்கள் முற்பணம் கொடுக்கும் முன்னரே சில விடயங்களை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். டொமைன் பெயர் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். அந்த மின்னஞ்சல் மகனுடையதோ கணக்காளருடையதோ அல்லாமல் கடைக்கென்றே திறந்ததாக இருக்க வேண்டும். ஹொஸ்டிங் பற்றுச்சீட்டு உங்களுக்கு வர வேண்டும். நிர்வாகிக் கடவுச்சொல் உங்களிடம் இருக்க வேண்டும். வருடாந்தப் பராமரிப்புக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள், அந்தக் காசைக் கொடுக்கவும் செய்யுங்கள். எமது பழைய டொட் கொம் பெயர் காலாவதியாகி இப்போது யாரோ ஒருவரின் கையில் இருக்கிறது. திருப்பி வாங்கக் கேட்டோம், சொன்ன விலையைக் கேட்டு வாப்பா சிரித்துவிட்டார். டொட் எல்கே பெயரொன்றை எமது பெயரிலேயே பதிந்துகொண்டோம். விரும்பியவர்களுக்குத் தமிழிலேயே டொட் இலங்கை என்று முடியும் பெயரும் கிடைக்கும்.

இப்போது எமது தளத்தில் விலைப் பகுதியின் மேலே, விலைகள் எந்தத் திகதியில் திருத்தப்பட்டன, எத்தனை நாட்களுக்குச் செல்லுபடியாகும் என்ற ஒரு வரி இருக்கிறது. அதை எழுதச் சொன்னவர் வாப்பா. வெள்ளிக்கிழமை காலையில் தம்பி விலைகளைச் சரிபார்த்துத் திகதியை மாற்றுவார். அநுராதபுரத்து அன்பர் இப்போதும் அச்சிட்ட தாளோடுதான் வருகிறார். கடந்த முறை வந்தபோது, அந்தத் திகதிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தார். இரண்டு நாட்கள் மிச்சம் இருந்தன.